பந்தாட்டக்காரரின் வாரக்கூலி

வட இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லாவைச் சேர்ந்த பிரஸ்டன் நகரத்தில், 1930-களின் நடுப்பகுதியில், ஆல்ப் பின்னி என்றொரு குமாஸ்தா வாழ்ந்து வந்தார். குழந்தைகள் சிறுபிராயத்தில் இருக்கும்போதே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, அற்பச் சம்பளத்தில் அத்தனை பேரையும் ஒற்றை ஆளாய் வளர்த்துவந்த அந்த மனிதரின் வீட்டுக்கு, ஊரார் அனைவரும் தங்கள் சொந்தச் சொத்தாகக் கொண்டாடிய பிரஸ்டன் நார்த் எண்ட் கால்பந்து கிளப்பிலிருந்து ஒருநாள் அழைப்பு வந்தது. அவருடைய மகன் டாமை, பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதிலிருந்த அந்த மெலிந்த, குள்ளமான சிறுவனை, மைதானத்துச் சிப்பந்தியாக எடுத்துக்கொண்டு ஆட்டமும் கற்றுத்தந்து, வாரம் இரண்டரைப் பவுன் சம்பளமும் தருவதாகக் கிளப்பார் சொன்னார்கள். தாயில்லாக் குழந்தைகள் நிறைந்த வீட்டில் அந்த இரண்டரைப் பவுன் என்னென்ன செய்திருக்கும் என்பதைக் குடும்பபாரம் சுமந்த எவரும் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் தகப்பனார் இணங்கவில்லை. பிளம்பர் வேலையில் மகன் பயிற்சியை முடிக்கட்டும், கையில் ஒரு தொழில் வந்த பிறகு பந்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து, அதன் ஆரவாரத்தைக் கேட்டே வளர்ந்த சிறுவனின் மனம் உடைந்துபோயிற்று. இருந்தும் அவன் தகப்பனாரின் சொல்லை மீறாமல், பகலில் ஈயக் குழாய்களை வளைக்கவும் பற்றவைக்கவும் கற்றுக்கொண்டு, மாலை வேளைகளில் மட்டும் மைதானத்துக்குப் போய் வந்தான்.

பின்னாளில் இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடி 30 கோல்கள் அடித்து, உலகம் கண்ட சிறந்த ஓரத்து முன்னாட்டக்காரர்களுள் ஒருவர் என்று கீர்த்தி பெற்ற டாம் பின்னியின் சரித்திரம் இப்படித்தான் ஆரம்பமாயிற்று. ஒரு குமாஸ்தாவின் கோழைத்தனம் என்றோ, ரசனையற்ற பிடிவாதம் என்றோ அந்தத் தகப்பனாரின் தீர்ப்பை எண்ணுகிறவர்கள், அவருக்கு முன் சென்ற ஐம்பது ஆண்டுகளில் பந்தாட்டம் என்ற பிழைப்பு அந்த ஜில்லாவில் எத்தனை வீடுகளை ஏற்றிவிட்டது, எத்தனை வீடுகளை இறக்கிவிட்டது என்பதை அறியாதவர்கள். அந்தப் பிழைப்பின் பழங்கதையை நிதானமாகச் சொல்லிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

லங்காஷயர் என்ற பெயர் நம்மவர்களுக்குப் புதிதன்று; நம்முடைய நெசவாளர் தெருக்களில் தறிச்சத்தம் ஓய்ந்துபோனதற்கும் அந்த ஜில்லாவின் ஆலைத் துணிகளுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஆலைகளுக்குள்ளே உழைத்தவர்களும் ஏழைகளே. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்று விதித்ததன் பயனாக, அந்த ஊர்களில் வாரத்துக்கு ஒரு பிற்பகல் ஓய்வு கிடைத்தது. ஆலையின் சங்கு ஊதியபின் வீடுபோய்ச் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வர ஏற்ற நேரம் 3 மணி. இன்றளவும் இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணிக்குப் பந்தாட்டம் தொடங்குவது மரபாக நிலைத்திருப்பதற்கு, அந்தப் பழைய ஆலைச் சங்குதான் மூலகாரணம்.

1863-இல் லண்டன் நகரத்து விடுதி ஒன்றில் கூடி கால்பந்து அசோசியேஷனை ஸ்தாபித்தவர்கள் கனவான்கள். ஈட்டன் முதலிய உயர்குடிப் பள்ளிகளில் பயின்றவர்கள். ஆடுவதற்குப் பணம் வாங்குவது இழிவு என்பது அவர்களுடைய சித்தாந்தம். பரம்பரைச் சொத்தும் வக்கீல் தொழிலும் உள்ளவர்களுக்கு அந்தச் சித்தாந்தம் எந்த நஷ்டமும் தரவில்லை. ஆனால் டார்வென் என்ற சிற்றூரின் ஆலைத் தொழிலாளர் குழு, 1879-இல் அசோசியேஷன் கோப்பைக்காக ஈட்டன் பழைய மாணவர்களோடு மோத லண்டனுக்குப் போக நேர்ந்தபோது, ரயில் கட்டணத்துக்கு மட்டுமல்லாமல், வேலைக்குப் போகாத நாளின் கூலிக்கும் வழி தேட வேண்டியிருந்தது. ஒன்றுக்கு ஐந்து என்று பின்தங்கியிருந்த டார்வென்காரர்கள் ஐந்துக்கு ஐந்து என்று சமன் செய்துவிட, ஆட்டத்தை அன்றே நீட்டி முடிவுகாணக் கனவான்கள் சம்மதியாததால், மறுபடியும் மறுபடியும் அத்தனை தூரம் பிரயாணம் செய்யும் நிர்ப்பந்தம் அந்த ஏழைகளுக்கு உண்டாயிற்று. ஊர் ஜனங்கள் சந்தா திரட்டி அனுப்பிவைத்தார்கள். மூன்றாம் ஆட்டத்தில், களைத்துப்போன கால்களோடு, தோற்றுத் திரும்பினார்கள். போகாத நாளுக்குக் கூலி வேண்டும் என்ற அந்த எளிய கோரிக்கைதான் பந்தாட்டத்தை ஒரு தொழிலாக்கிய விதை என்பது என் அபிப்பிராயம். பேராசை அதில் எங்கும் இல்லை. திங்கட்கிழமை அடுப்பு எரியவேண்டும் என்ற கவலைதான் இருந்தது.

அந்த டார்வென் ஊரில்தான், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கத்திலிருந்து வந்த பெர்கஸ் சூட்டர் என்ற கல்தச்சர் ஆடினார். பிழைப்புக்காக வந்தவர், இங்கிலாந்தின் கல் தம் கைக்கு மிகவும் கடினமாயிருக்கிறது என்று சொல்லி உளியைக் கீழே வைத்துவிட்டார். அதன்பின் அவர் எதைக் கொண்டு ஜீவித்தார் என்பதை ஊரில் எவரும் கேட்கவில்லை, கேட்க அவசியமும் இருக்கவில்லை. இப்படித் திரைமறைவில் கைமாறிய காசை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர், பிரஸ்டன் கிளப்பை நடத்திய ஆலை மானேஜர் வில்லியம் சடெல். 1884-இல் லண்டன் குழு ஒன்று பிராது கொடுத்தபோது, ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது உண்மையே என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பிரஸ்டன் கோப்பைப் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது. வடக்கத்திக் கிளப்புகள் தனி ஸ்தாபனம் காணப்போவதாகப் பயமுறுத்தவே, 1885 ஜூலையில் அசோசியேஷன் சம்பள ஆட்டத்தைச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, நெசவாளர்களும் வார்ப்படத் தொழிலாளர்களும் ஒரு பிளம்பரும் அடங்கிய பிளாக்பர்ன் ஒலிம்பிக் குழு ஈட்டன் கனவான்களை வென்று கோப்பையை வடக்கே கொண்டுபோயிருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

சம்பளம் வந்தது, அதன் பின்னாலேயே தளையும் வந்தது. 1888-இல் பன்னிரண்டு கிளப்புகள் கூடி லீக் அமைத்தபின், பணக்காரக் கிளப்புகள் ஏழைக் கிளப்புகளின் ஆட்டக்காரர்களை ஆசைகாட்டி இழுக்காதிருக்க இரண்டு ஏற்பாடுகள் செய்துகொண்டன. முதலாவது, ஓர் ஆட்டக்காரரின் பெயர் எந்தக் கிளப்பின் பதிவேட்டில் இருக்கிறதோ, அந்தக் கிளப்பின் சம்மதமின்றி அவர் வேறெங்கும் ஆடமுடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும் முடியாது. கிளப் அவருக்குச் சம்பளம் கொடுக்க மறுத்தாலுங்கூட முடியாது. இரண்டாவது, 1901 முதல் எவருக்கும் வாரம் நான்கு பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்ற உச்சவரம்பு. நியாயத்தை மறைக்காமல் சொல்வதானால், நான்கு பவுன் என்பது அன்றைக்கு நல்ல கைத்தொழிலாளி பெற்ற கூலியைப்போல ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் கைத்தொழிலாளி அறுபது வயதுவரை உழைப்பார். பந்தாட்டக்காரரின் முழங்கால் முப்பதைத் தாண்டுவதே பாக்கியம். அந்த நான்கு பவுனும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. பெரும்பாலோர் அதற்கும் கீழேயே இருந்தார்கள்.

இந்தக் காலத்து மனிதர்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் பில்லி மெரிடித். 1874-இல், வேல்ஸ் நாட்டின் எல்லையோரத்துச் சிர்க் என்ற சுரங்கக் கிராமத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துள் இறங்கியவர். 1894-இல் மான்செஸ்டர் சிட்டி கிளப்பார் அவரைத் தேடி வந்தபோது, அவருடைய தாயார் அதை ஒரு சௌபாக்கியமாகக் கருதவில்லை. பந்தை உதைத்துச் சம்பாதிப்பது ஒரு பிழைப்பாகுமா என்று கேட்ட அந்த அம்மாளின் மனத்தைத் திருப்தி செய்வதற்காக, ஆட ஆரம்பித்தபின்னும் மெரிடித் சுரங்க வேலையை விடவில்லை. வாரமெல்லாம் மண்ணுக்கடியில் கரி வெட்டிவிட்டு, ஆட்டத்துக்கு ரயிலேறிப் போய், ஆடி முடித்ததும் மறுபடி சுரங்கத்துக்கே திரும்பினார். பிரஸ்டன் நகரத்துத் தகப்பனாருக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே சிர்க் கிராமத்துத் தாயார் அதே பயத்தைப் பட்டிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்த நிபுணர்கள் ஒருவரும் சொல்லாததை, ஒருவிதமான வீட்டுக்கணக்கு அந்தப் பெற்றோர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அந்தப் பயம் வீண் பயம் அன்று என்பதை 1907 ஏப்ரலில் நடந்த ஒரு மரணம் காட்டிற்று. மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் தாமஸ் பிளாக்ஸ்டாக், இருபத்தைந்து வயது வாலிபர், இரண்டாம் அணி ஆட்டமொன்றில் பந்தைத் தலையால் தட்டியபின் களத்திலேயே சாய்ந்து உயிர்நீத்தார். இயற்கை மரணம் என்று விசாரணையில் தீர்ப்பாயிற்று; குடும்பத்துக்கு ஒரு காசு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. சுரங்கத்திலோ ஆலையிலோ செத்தவனுடைய வீட்டாருக்கு ஈடு கேட்க வழிசெய்த சட்டம் முந்தின ஆண்டில்தான் ஏனைய தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டிருந்தது; பந்தாட்டக்காரன் தொழிலாளியா, அல்லனா என்பதே இப்போது எழுந்த கேள்வி. அப்போது யுனைடெட் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த மெரிடித்தும், அவருடைய சகாக்களும், அந்த ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் கூடி ஆட்டக்காரர் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். சங்கம் நஷ்ட ஈட்டு வழக்குகளை நியாயஸ்தலத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கியதும் அசோசியேஷன் சீறி எழுந்தது. 1909 ஏப்ரலில் கோப்பையை வென்று ஊர்வலம் வந்த அதே மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள், அந்தக் கோடையில், சங்கத்தைத் துறக்க மறுத்த குற்றத்துக்காக விலக்கிவைக்கப்பட்டு, கோடைச் சம்பளமும் நிறுத்தப்பட்டு நின்றார்கள். சாதிவிலக்கானவர்கள் என்று பொருள்படும் பலகையை முன்னே வைத்துக்கொண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று அறியாத மனிதர்கள் அத்தனை நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது, அவர்கள் வென்ற கோப்பையைக் காட்டிலும் அந்தப் படமே பெரிய பரிசு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகஸ்டு இறுதியில் சமரசம் ஏற்பட்டுச் சங்கம் பிழைத்தது. உச்சவரம்பும் பிழைத்தது.

மெரிடித் ஐம்பதை நெருங்கும்வரை ஆடினார். 1958-இல் அவர் காலமானபோது கையில் செல்வம் இல்லை. அவரைப் புதைத்த இடத்தில் ஒரு பெயர்க்கல்கூட நெடுங்காலம் இல்லாதிருந்தது. அவருக்கும் முந்தியவரான ஆர்தர் வார்ட்டன் கதை இன்னும் உருக்கமானது. ஆப்பிரிக்காவில் ஆக்ரா நகரத்தில் 1865-இல் பிறந்து, இங்கிலாந்தின் சம்பள ஆட்டத்தில் இறங்கிய முதல் கறுப்பர் என்று போற்றப்படும் அவர், பிரஸ்டன் முதலிய கிளப்புகளுக்குக் கோல் காத்த பின், யார்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாளாகி, 1930-இல் இறந்து, பெயரற்ற குழியில் கிடந்தார். 1997-இல்தான் கல் நாட்டினார்கள். சுரங்கத்திலிருந்து மைதானத்துக்கும், மைதானத்திலிருந்து சுரங்கத்துக்கும் போய்வந்த அந்தப் பாதை மிகவும் குறுகியது.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் 1920-இல் ஒன்பது பவுனாக உயர்ந்த உச்சவரம்பு, இரண்டே ஆண்டில் எட்டாகக் குறைக்கப்பட்டது; ஆட்டமில்லாத கோடை மாதங்களில் ஆறு. அதற்குப் பிறகு இரண்டாம் யுத்தம் முடியும்வரை அது உயரவேயில்லை. இந்தக் கோடைக் கணக்குக்குக் குடும்பத்தின் பார்வையில் ஒரு கொடுமை உண்டு: வயிறு கோடையில் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. வீடும் பல இடங்களில் கிளப்பின் வீடு. ஆட்டக்காரரை வேறு ஊருக்கு விற்றாலோ, வேண்டாமென்று கைவிட்டாலோ, மனைவி பாத்திரம் பண்டங்களைக் கட்டவேண்டியதுதான். விற்பது என்ற சொல்லை நான் அலங்காரமாகப் பிரயோகிக்கவில்லை. 1905-இல் ஆயிரம் பவுனுக்கும், 1928-இல் பத்தாயிரத்துக்கு மேலும், 1947-இல் இருபதாயிரத்துக்கும் ஆட்டக்காரர்கள் கைமாறினார்கள். அந்தத் தொகை கிளப்புக்கும் கிளப்புக்கும் இடையிலே போயிற்றேயன்றி, விற்கப்பட்டவருக்குச் சட்டப்படி கிடைத்தது பத்துப் பவுன்.

ஆல்ப் பின்னி தம் மகனுக்குத் தொழில் தேடிய ஆண்டுகள் வேறொரு காரணத்தாலும் கொடியவை. லங்காஷயரின் பருத்தித் தொழில் அப்போது சரிந்துகொண்டிருந்தது. அந்தச் சரிவுக்கு உலக வியாபார மந்தம் முதற்காரணமாயினும், நம் நாட்டில் அந்நியத் துணியைப் பகிஷ்கரித்ததும் ஒரு காரணம். 1931 செப்டம்பரில் காந்தியடிகள் அந்த ஜில்லாவுக்கே நேரில் சென்று, பழைய பந்தாட்ட ஊராகிய அந்த டார்வெனில் தங்கி, வேலையிழந்த தொழிலாளர்களோடு பேசினார். அவர்களும் அவரைப் பகைவராகப் பாராமல் அன்போடு சூழ்ந்து நின்றார்கள். அப்போது பக்கத்துப் பிரஸ்டனில் டாம் பின்னிக்கு ஒன்பது வயது. ஆலை மூடலாம், கிளப் கைவிடலாம், ஆனால் தண்ணீர்க்குழாய் என்றைக்கும் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். அந்தத் தகப்பனார் இப்படி யோசித்துத்தான் பிளம்பர் தொழிலைத் தெரிந்தெடுத்தாரா என்று சொல்ல முடியாவிட்டாலும், யோசித்திருந்தால் அது தவறான யோசனை அன்று.

யுத்தம் வந்து இன்னும் ஆறு ஆண்டுகளை விழுங்கிற்று. டாம் பின்னி எகிப்திலும் இத்தாலியிலும் கவசப் படையில் பணிபுரிந்து, 1945-இல் எல்சி என்ற பெண்ணை மணந்து, 1946 ஆகஸ்டில், இருபத்து நான்காம் வயதில்தான் முதல் லீக் ஆட்டம் ஆடினார். ஒரு மாதத்துக்குள் இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்தது. 1948-49 ஆட்டப்பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களைப் பார்த்தவர்கள் நான்கு கோடிப் பேருக்கும் அதிகம். அத்தனை ஜனங்கள் கொடுத்த நுழைவுக் காசு எவ்வளவாயினும், ஆட்டக்காரரின் உச்சவரம்பு பன்னிரண்டு பவுன். பின்னியும் அவருடைய சகோதரர் ஜோவும் சேர்ந்து குழாய் வேலைத் தொழிலை நடத்தினார்கள். நாட்டின் முதன்மையான ஆட்டக்காரர் பயிற்சி இல்லாத வேளைகளில் கருவிப் பையுடன் வேலைக்குப் போனார்; பிரஸ்டன் பிளம்பர் என்ற பட்டப்பெயரைப் பத்திரிகைகள் செல்லமாக வழங்கின. அந்தச் செல்லத்தில் ஊரின் பெருமை உண்டு; ஊர் கவனியாமல் விட்ட வெட்கமும் உண்டு.

1952 மே மாதத்தில் இங்கிலாந்து அணி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் ஆடி முடித்தபின், சிசிலித் தீவின் பலெர்மோ கிளப்பின் தலைவராயிருந்த பிரபு ஒருவர் பின்னியை அணுகி, தம் கிளப்பில் சேர்ந்தால் பத்தாயிரம் பவுன் ரொக்கமும், மாதம் நூற்று முப்பது பவுன் சம்பளமும், வெற்றிக்கு வெகுமதியும், கடலோரத்தில் மாளிகையும், காரும் தருவதாகச் சொன்னார். அப்போது பின்னி வாங்கிய உச்சச் சம்பளம் ஆட்டக்காலத்தில் வாரம் பதினான்கு பவுன், கோடையில் பத்து. அந்தச் சம்பளத்தில் பத்தாயிரம் பவுன் சேர்க்க, உண்ணாமல் உடுக்காமல் இருந்தாலும் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஊர் திரும்பி அவர் கிளப் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, எங்களுக்கு ஆடாவிட்டால் யாருக்குமே ஆடமாட்டாய் என்ற அர்த்தத்தில் ஒரே வாக்கியத்தில் பதில் வந்தது. அது மிரட்டலாகக்கூடச் சொல்லப்படவில்லை. சட்டத்தின் நிலை அதுதான். பின்னி அப்படியே ஏற்றுக்கொண்டு, ஆகஸ்டில் மறுபடி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு களமிறங்கினார். அந்தப் பருவத்தில் பிரஸ்டன், புள்ளிகளில் ஆர்சனலோடு சமமாக நின்று, கோல் விகிதத்தின் நூலிழையில் பட்டத்தை இழந்தது.

தளையை மீறியவர்களும் உண்டு. ஸ்டோக் கிளப்பின் நீல் பிராங்க்ளின், இங்கிலாந்தின் நடுத்தூண் என்று மதிக்கப்பட்டவர், 1950-இல் உலகக் கோப்பையையும் உதறிவிட்டு, சர்வதேசச் சம்மேளனத்துக்கு வெளியே நின்ற கொலம்பியாவின் பொகோட்டா நகரத்துக்குப் போனார். உடன் சென்ற மனைவி கர்ப்பிணி. அந்நிய ஊர், அந்நிய பாஷை, நிம்மதியில்லாத அரசியல். சில வாரங்களிலேயே குடும்பத்தோடு திரும்பிவிட்டார். பிழைப்பைத் தேடிப் போய்க் குடும்பத்துக்காகத் திரும்பிய அந்த மனிதரை விலக்கிவைத்துத் தண்டித்ததோடு, இங்கிலாந்துக்காக மறுபடி ஒருநாளும் அழைக்கவில்லை. மிடில்ஸ்பரோவின் வில்ப் மானியன் 1948-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, மாதக்கணக்கில் ஆடாமலும் சம்பளமில்லாமலும் வைராக்கியமாக இருந்து பார்த்து, 1949 ஜனவரியில் தோற்றுத் திரும்பினார். பிற்காலத்தில் அவர் கூலி வேலை செய்து பிழைத்தார்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பணத்துக்காக ஆடவில்லை, அன்பினால் ஆடினார்கள் என்று இன்று பலரும் ஏக்கத்தோடு சொல்கிறார்கள். இன்றைய ஆட்டக்காரர்களின் கோடிகளைப் பார்த்து வெறுத்துப்போய் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். எனினும் இந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஆட்டத்தின்மேல் அவர்களுக்கு அன்பு இருந்தது வாஸ்தவம். அந்த அன்பையே காரணமாக்கிக் கூலியைக் குறைத்தவர்கள் இருந்தார்கள் என்பதும் வாஸ்தவம். பாடகன் பாட்டை நேசிக்கிறான், ஆகையால் அவனுக்குச் சோறு குறைவாகப் போதும் என்று சொல்வது எவ்வளவு அநியாயமோ, அவ்வளவு அநியாயம் இது. பின்னி பலெர்மோவுக்குப் போகாததைத் தியாகம் என்று புகழ்வதற்கு முன், போக விரும்பினால் போயிருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். வாசல் பூட்டியிருந்த வீட்டில் இருந்தவரைத் துறவி என்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பூட்டைத் திறந்தவர்கள் 1950-களின் இறுதியில் வந்தார்கள். புல்ஹாம் கிளப்பில் ஆடிய ஜிம்மி ஹில் 1957-இல் சங்கத்தின் தலைவரானபின், சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாராயிற்று. 1958-இல் உச்சவரம்பு இருபது பவுன். சாதாரணத் தொழிலாளியின் வாரக்கூலி அதைப் படிப்படியாக நெருங்கிக்கொண்டிருந்தது. மான்செஸ்டரில் கூடிய கூட்டமொன்றில் இளம் ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, தம் தகப்பனார் சுரங்கத்தில் உழைத்து வாங்குவது இதைவிடக் குறைவு, இதற்கு மேல் கேட்பது நியாயமா என்று கேட்டாராம். அப்போது பழைய சுரங்கத் தொழிலாளியும் போல்ட்டன் கிளப்பின் பின்னாட்டக்காரருமான டாமி பாங்க்ஸ் எழுந்து, தாமும் சுரங்கத்தில் இறங்கினவர்தான் என்றும், ஆனால் அந்த இளைஞரின் தகப்பனார் பேர்பெற்ற ஓரத்து முன்னாட்டக்காரர் ஸ்டான்லி மாத்யூஸைத் தடுத்து நிறுத்துவதை முப்பதாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்க வருவதில்லை என்றும், தம் ஊர்க் கொச்சையில் சொல்லி உட்கார்ந்தார். பொருளாதார நூல்கள் பலவற்றைப் படித்தவரும் அதைவிடத் தெளிவாக விளக்கியிருக்க முடியாது. 1961 ஜனவரி 18-ஆம் தேதி, வேலைநிறுத்தத்துக்குச் சில நாட்களே இருக்கையில், உச்சவரம்பு ஒழிந்தது. புல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் நூறு பவுன் பெறும் முதல் ஆட்டக்காரரானார்.

மற்றொரு தளையாகிய பதிவேட்டை அறுத்தவர் நியூகாசில் கிளப்பின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். கிளப் கொடுத்த வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்பது அவருடைய குறைகளுள் ஒன்று. வேறு கிளப்புக்கு விட மறுத்ததால், தெற்கே வந்து தக்கை விற்கும் வேலையில் அமர்ந்து, மாதக்கணக்கில் ஆடாமலே காலம் தள்ளினார். 1960 அக்டோபரில் அவரை ஆர்சனலுக்கு விற்றுவிட்டபின்னும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. 1963 ஜூலையில் நீதிபதி வில்பர்போர்ஸ், அந்த ஏற்பாடு ஒருவன் தன் தொழிலைச் செய்வதற்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். டார்வென் ஆலைத் தொழிலாளர்கள் லண்டனுக்கு ரயிலேறிய நாளிலிருந்து எண்ணினால், இந்த வார்த்தையை ஒரு நீதிபதி சொல்ல எண்பத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன.

டாம் பின்னிக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. உச்சவரம்பு ஒழிவதற்கு ஒன்பது மாதங்கள் முன்பு, 1960 ஏப்ரல் 30-ஆம் தேதி, லூட்டன் குழுவுக்கு எதிராகத் தம் கடைசி லீக் ஆட்டத்தை அவர் ஆடி முடித்திருந்தார். 433 லீக் ஆட்டங்கள், எல்லாம் ஒரே கிளப்புக்கு. அடுத்த ஆண்டே பிரஸ்டன் முதல் பிரிவிலிருந்து இறங்கிற்று, இன்றுவரை ஏறவில்லை. ஆனால் தகப்பனார் வற்புறுத்திக் கற்பித்த தொழில் கைவிடவில்லை. சகோதரர்களின் நிறுவனம் வளர்ந்து பலருக்கு வேலை தந்தது. ஊரின் சுகாதார நிர்வாகக் குழுவுக்குத் தலைமை வகிக்குமளவுக்குப் பொதுக் காரியங்களிலும் அவர் ஈடுபட்டார்.

முதுமையில் எல்சி அம்மாளுக்கு ஞாபகசக்தியை மெல்ல மெல்ல அழிக்கும் அல்சைமர் நோய் கண்டது. எண்பதை எட்டிக்கொண்டிருந்த கணவர், வெளிக் காரியங்களைக் குறைத்துக்கொண்டு, மனைவியின் சுசுரூஷையைத் தாமே ஏற்றுக்கொண்டு செய்துவந்தார். 2004-இல் அந்த அம்மாள் காலமானார். அதே ஆண்டில், வெள்ளம் தேங்கிய களத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பந்தோடு பாயும் பின்னியை 1956-இல் ஒருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வார்த்த சிலையை, அவர் பிறந்த வீட்டுக்கு அருகிலுள்ள மைதானத்து வாசலில் நிறுவினார்கள். சிலையைச் சுற்றிலும் நீரூற்றுக் குழாய்கள் உண்டு.